ஒட்டாத ஒரு கோடு

எட்டுப் பேருடைய இதயம் ஒன்றாகத் துடிக்க முடியுமா என்று மங்கையர்க்கரசி அதுவரை யோசித்ததில்லை. ஆனால் அவளுடைய மேசைத் திரையில் அது நடந்துகொண்டிருந்தது. செங்காடனூர் காவல் நிலையத்தைச் சேர்ந்த எட்டுக் காவலர்களின் நாடியும் எட்டுக் கோடுகளாகத் தனித்தனியே ஓடிவரும். கோவில் திருவிழா நாளின் மாலை வேளையில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகிவிடும். விழா முடிந்ததும் மறுபடி எட்டாகப் பிரிந்து போகும்.

"கூட்டம் கூடக் கூட இவங்க நாடி அடங்குதும்மா," என்றார் இயக்குநர் தேவசகாயம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "மத்த ஊர்ல எல்லாம் பந்தோபஸ்துன்னா நாடி குதிரை மாதிரி ஓடும். இங்கே தூங்குற குழந்தை மாதிரி இருக்கு. கருவியில ஏதாவது கோளாறான்னு ரெண்டு தடவை சோதிச்சாச்சு. ஒண்ணுமில்லை."

"பிரார்த்தனையா இருக்குமோ சார்?"

"இருக்கட்டுமே. அது என்னன்னு நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. எல்லா ஸ்டேஷனுக்கும் அதையே பயிற்சியாக் கொடுத்துடலாம்."

தேவசகாயம் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். மங்கையர்க்கரசி நெற்றியில் நீறு பூசாமல் வீட்டுப் படி இறங்க மாட்டாள். இருவருமே அதை ஒரு வரமாகத்தான் நினைத்தார்கள்.

அவர்கள் வேலை பார்த்தது காவல் வள மேற்பார்வை ஆணையத்தில். பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வே இல்லாமல் பந்தோபஸ்தில் நின்ற ஒரு காவலர், நின்ற நிலையிலேயே தூங்கி, நகர்ந்து வந்த லாரியின் முன்னால் விழுந்துவிட்டார். அந்த மரணத்துக்குப் பிறகு அரசு இந்த ஆணையத்தை அமைத்தது. ஒவ்வொரு காவலரின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. அது நாடியைப் பார்க்கும், வியர்வையைப் பார்க்கும், தூக்கத்தைப் பார்க்கும். காவலர்கள் அதைக் காப்பு என்றார்கள். ஒரு நிலையத்தின் காப்புகள் சிவப்புக் காட்டினால் அந்த நிலையத்துக்குக் கூடுதல் ஆள் வரும். பச்சை காட்டினால், அங்கிருந்து ஆளை எடுத்து, தவிக்கிற இன்னொரு நிலையத்துக்குக் கொடுப்பார்கள். இனி யாரும் ஆள் கேட்டு மேலே மனுப் போட வேண்டியதில்லை, உடம்பே மனுப் போட்டுவிடும் என்று ஆணையத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மங்கையர்க்கரசிக்கும் அந்தப் பெருமை உண்டு. நல்ல ஏற்பாடுதானே அது.

ஆள் கணக்கைத் தீர்மானிப்பது திருவிழா நாட்கள்தான்; அந்த நாட்களில் செங்காடனூர் எப்போதும் பச்சை. அதனால் பதினான்கு பேர் இருந்த நிலையத்தில் இப்போது ஒன்பது பேர். சமீபத்தில் அந்த ஒற்றைக் கோடு இன்னும் தாழ்ந்து, இன்னும் நிதானமாக ஓடியதைப் பார்த்து, ஆணையம் ஒரு பாராட்டை அனுப்பிவிட்டு மேலும் இரண்டு பேரைக் குறைத்ததால் வந்த ஒன்பது அது.

அந்த ஒன்பதில் ஒருவர் மட்டும் சேரவில்லை. பீர் முகமது என்ற காவலரின் கோடு, எட்டும் அடங்கிக் கிடக்கும் அதே வேளையில் தனியாக மேலே சிவப்பாகத் துடித்தது. மங்கையர்க்கரசிதான் பயிற்சிப் பிரிவின் பொறுப்பாளர். மூன்று முறை அவரை மன அமைதிப் பயிற்சிக்கு வரவழைத்தாள். பயனில்லை. இந்தப் பயணம் முடிந்து அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பீர் முகமதுக்கு மாற்றல் ஆகிவிடும்.

செங்காடனூர் மேற்கு மலையின் அடிவாரத்தில் இருந்தது. காவல் நிலைய வாசலில் ஒரு ஜீப், பின் சக்கரம் இல்லாமல் செங்கல் அடுக்கின்மேல் நின்றது. உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் மேகலா, எதிரே நின்ற ஒரு புகார்தாரரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே கண் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல் கருவளையம்.

"ஆடு காணாமப் போனது எப்பன்னு சொன்னீய?" என்று திடுக்கிட்டுக் கேட்டாள்.

"ஆடு இல்லம்மா. மோட்டாரு," என்றார் வந்தவர் பொறுமையாக.

மங்கையர்க்கரசி ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அமைதியின் இருப்பிடம் என்று அவள் மனதில் வரைந்து வைத்திருந்த படம் மெல்ல மெல்லக் கலைந்தது. ஏட்டு செண்பகராமன் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு காவலர் சுவரில் சாய்ந்தபடி இட்லியை மெல்ல மறந்து வாயில் வைத்திருந்தார். எல்லோருக்கும் பேச்சு இருந்தது, முகத்தில் உயிர் இல்லை.

"வாங்க மேடம். பிரயாணம் எல்லாம் சௌரியமா இருந்துச்சா?" என்று காப்பி கொண்டுவந்து வைத்தார் செண்பகராமன். "ஆள் கொடுக்கத்தான் வந்திருக்கியன்னு பயலுவ பேசிக்கிடுதானுவ."

"நான் வந்தது வேற விஷயம் ஏட்டையா. திருவிழா பந்தோபஸ்துல நீங்க எல்லாரும் ரொம்ப அமைதியா இருக்கீங்களாமே. அதுக்கு என்ன செய்றீங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

செண்பகராமன் மேகலாவைப் பார்த்தார். மேகலா செண்பகராமனைப் பார்த்தாள்.

"அமைதியாவா?" என்றாள் மேகலா. "போன தைப்பூசத்துல கூட்டம் நெருக்குனதுல எனக்கு விலா எலும்பே கீறிப் போச்சு மேடம். எட்டுப் பேர் கையக் கோத்துக்கிட்டு நின்னா அந்தக் கூட்டம் நிக்குமா?"

"சாமி கும்பிடுவோம். வேற என்ன செய்ய?" என்றார் செண்பகராமன், யாரோ தன்மேல் குற்றம் சொன்னது போல.

மூலையில் நின்ற ஒல்லியான காவலர் சிரித்தார். "அமைதி இல்லாதவன் நான் ஒருத்தன்தான் மேடம். மூணு தடவ பயிற்சிக்குக் கூப்பிட்டியள்லா? அந்த பீரு நான்தான்."

மங்கையர்க்கரசிக்கு முகம் சூடாயிற்று. "பயிற்சி எப்படி இருந்தது?"

"கண்ண மூடி உக்காரச் சொன்னாவ. நல்லா தூங்குனேன் மேடம். உள்ளதச் சொல்லணும்னா இந்த வருஷத்துல நான் தூங்குனது அங்க மட்டும்தான்." பிறகு சற்றுத் தயங்கி, "மாத்தல்னு கேள்விப்பட்டேன். எங்க வாப்பாவுக்குக் கண்ணு தெரியாது. தூரமா மட்டும் போட்டுறாதீய," என்றார்.

அவர் கேட்டது சலுகையாகக்கூட இல்லை. கடைக்காரரிடம் அளந்து போடச் சொல்வது போல இயல்பாகக் கேட்டார். மங்கையர்க்கரசி டம்ளரை எடுத்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தாள்.

அன்று மாலை பொழில்நாதருக்கும் தேன்மொழியம்மைக்கும் திருக்கல்யாணம். மலையடிவாரத்து ஊர்கள் அத்தனையும் கீழ வாசலில் வந்து நின்றன. கோபுரத்து மதிலை ஒட்டி, தகரக் கூரையின் கீழ் செருப்புக் காப்பகம். அங்கே ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகம்மாள் என்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி ஒரு கூட்டம் செருப்புகளை நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் காவலர்களின் கறுப்புப் பூட்ஸுகளும் இடுப்பு வாரும் ஒரு சாக்கின்மேல் வரிசையாக இருந்தன.

மங்கையர்க்கரசி செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

"பையி தோலா தாயி? அதையும் குடுத்துருங்க. அம்மனுக்கு ஆவாது," என்றாள் உலகம்மாள். பேச்சின் நடுவே ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "கையில கெட்டிருக்கதும் தோல் வாரு தானே?"

மங்கையர்க்கரசி குனிந்து பார்த்தாள். ஆமாம், அவள் மணிக்கட்டிலும் ஒரு காப்பு இருந்தது. நாம் மற்றவர்களை அளக்கிறோம், நம்மையும் அளக்கட்டும் என்று தேவசகாயம் ஆணையத்தார் எல்லோரையும் அணியச் சொல்லியிருந்தார். ரப்பர் வார் காவலர்களின் தோலை அரித்துப் புண்ணாக்கியதால், நல்லெண்ணத்தோடு தோல் வாராக மாற்றியதும் அவர்தான்.

சிறு வயதிலிருந்தே தோல் பொருளோடு சந்நிதிக்குள் போய் அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு கணமும் யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தாள். கோடுகளைக் காட்டும் கைத்திரை இருந்த துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. கல்யாண மண்டபத்தின் முன்னால் மேகலாவும் செண்பகராமனும் மற்றவர்களும் வெறுங்காலோடு, கையோடு கை கோத்து, ஒரு வடம் போல நின்றார்கள். பின்னாலிருந்து அலை அலையாகக் கூட்டம் நெருக்கியது. செண்பகராமனின் வலது முழங்கால் நடுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒரு குழந்தையைத் தலைக்குமேல் தூக்கி யாரோ நீட்ட, மேகலா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தாய் வந்து வாங்கும்வரை மற்றக் கையால் வடத்தை விடவே இல்லை.

அமைதி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. அவர்கள் வியர்வையில் குளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

மங்கையர்க்கரசி ஒரு தூணோடு ஒட்டி நின்று கைத்திரையை எடுத்தாள். எட்டுக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பச்சையாக, மிக மெதுவாக ஓடின. அவற்றோடு இன்னொரு கோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் இருந்த பெயரைப் படித்தாள்.

மங்கையர்க்கரசி.

தன் மணிக்கட்டைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. நிமிர்ந்து காவலர்களின் கைகளைப் பார்த்தாள். கோத்த கைகள் எல்லாமே வெறுமை.

அப்போது திரையில் அந்தக் கோடு நின்றது. ஒரு துடிப்பு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது, வழி தெரியாமல் வந்தது போல. உடனே திரை அதிர்ந்து, தேவசகாயத்தின் குரல் வந்தது.

"மங்கை, என்னம்மா ஆச்சு? உங்களுக்கும் அந்த எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல நாடி விட்டுப் போகுதே. இது கண்டிப்பாக் கருவிக் கோளாறுதான். இந்தப் பதிவை அழிச்சுடச் சொல்லட்டுமா?"

"அழிக்காதீங்க சார்," என்றாள். "நான் அப்புறம் பேசறேன்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடினாள். கீழ வாசலில் பூட்ஸும் இடுப்பு வாருமாக நின்றிருந்தது பீர் மட்டும்தான். வாசலுக்கு வெளியேதான் எப்போதும் அவருக்குக் காவல். அவர் மணிக்கட்டில் காப்பு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. ஊரில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே காப்பு அதுதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பீர், அந்த அம்மா கையில..."

"நானும் அதத்தான் பாக்கேன் மேடம். டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்க மாட்டேங்கா. ஒரு மாசமாவே மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா திருவிழா முடியட்டும்னுட்டா."

உலகம்மாள் மதிலில் சாய்ந்திருந்தாள். போர்வை போலக் கிடந்த முந்தானை சரிந்து, இடது கை முழுக்கத் தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒன்பது கறுப்புக் காப்புகள், கல்யாணப் பெண்ணின் வளையல் போல. எல்லாமே பச்சையாக மின்னின.

"எக்கா, இங்க பாரு. எக்கா," என்று பீர் அவளைத் தாங்கிப் பிடித்தார்.

"ஏன் இதையெல்லாம் கையில போட்டீங்க?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி. கோபம் இல்லை. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"சும்மா வச்சா அழுவுது தாயி," என்றாள் உலகம்மாள் மெதுவாக. "கொஞ்ச நேரம் கையில இல்லன்னா பீப் பீப்னு கத்தும். அப்படிக் கத்துனா டூட்டிய விட்டு ஓடிட்டாவன்னு அவுங்களுக்கு மெமோ வருமாம். பாவம்லா. அதான் நான் போட்டுக்கிடுவேன்."

திரையில் கோடு மறுபடி நின்றது. உலகம்மாளின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

ஆணையத்தின் ஏற்பாடுகளில் மங்கையர்க்கரசிக்குப் பிடித்த ஒன்று உண்டு. காப்பு அணிந்தவர் இதயத்தில் ஆபத்து என்றால், எல்லா வசதியும் உள்ள ஒரு மருத்துவ வண்டி மாவட்டத் தலைநகரிலிருந்து பறந்து வரும். ஆனால் அது காவல் துறைக்கும் ஆணையத்துக்கும் மட்டுமே. செங்காடனூர் ஆஸ்பத்திரியிலோ இதயத்துக்கு மருத்துவர் இல்லை. வண்டியை அழைக்க யாராவது ஒருவர், இது கோளாறு அல்ல, உண்மையான ஆபத்துதான் என்று உறுதி சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அது ஆணையத்தின் பதிவில் ஏறி, காப்பு யார் கையில் இருந்தது என்பதும் தெரிந்துவிடும். காப்பை அடுத்தவர் கையில் கொடுப்பதற்குத் தண்டனை வேலை நீக்கம். எட்டுக் குடும்பம்.

அவள் கண்ணை மூடினாள். தேன்மொழியம்மையின் முகம்தான் வந்தது. அம்மா என்று ஒரு சொல் சொல்லிக்கொண்டாள். பிறகு எட்டுப் பேருடைய பெயரையும் விட்டுவிட்டு, தன் பெயரைத் தொட்டு, உண்மையான ஆபத்து என்று அழுத்தினாள்.

வண்டி வருவதற்குள் செய்தி உள்ளே போய்விட்டது. செண்பகராமன் நொண்டிக்கொண்டு ஓடிவந்தார், பின்னாலேயே மேகலா.

மங்கையர்க்கரசி சுருக்கமாகச் சொன்னாள். உங்களுக்கு ஆள் குறைந்துகொண்டே வந்ததற்கு இதுதான் காரணம். நீங்கள் இடிபட்டு நின்ற நேரமெல்லாம் இவருடைய நாடிதான் எங்களிடம் வந்தது. நீங்கள் சுகமாக இருப்பதாக நாங்கள் நினைத்தோம்.

மேகலா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க தலையில நாங்களே மண்ணப் போட்டுக்கிட்டோமா?" பிறகு, "இது வெளிய தெரிஞ்சா எங்க வேலை போயிரும்லா மேடம்?" என்றாள்.

"முதல்ல உலகம்மாளப் பாருங்க," என்றார் செண்பகராமன். "மொதல்ல கழட்டிக் குடுத்தவன் நான்தான். கேட்டா என் பேரச் சொல்லுங்க. பின்னால உள்ளதப் பின்னால பாக்கலாம்."

நீல விளக்கோடு வண்டி வந்து நின்றது. இறங்கிய ஊழியர் கையிலிருந்த திரையைப் பார்த்துக் கூப்பிட்டார். "மங்கையர்க்கரசி யாரு?"

"நான்தான். ஆனா இதயம் இவங்களோடது."

அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தயங்கினார். "மேடம், சட்டப்படி இந்த வண்டியில..."

"அந்தச் சட்டத்தை எழுதின ஆபீஸ்லதான் நான் வேலை பார்க்கறேன். பதில் நான் சொல்லிக்கறேன். நீங்க ஏத்துங்க தம்பி."

அவர் உலகம்மாளின் முகத்தைப் பார்த்தார். உடனே ஸ்ட்ரெச்சரை இறக்கினார். உள்ளே மேளம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பியபோது சரியாகக் கெட்டிமேளம். உலகம்மாள் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி மருத்துவர் எளிமையாகச் சொன்னார். இதயத்தை ஓட்டுகிற மின்சாரம் வழியில் நின்று நின்று போகிறது. அதனால் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நெஞ்சில் ஒரு சிறிய கருவி வைத்துவிட்டால் போதும். இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை.

மங்கையர்க்கரசி வராந்தாவில் நின்று அந்த வார்த்தைகளை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதைத்தானே அவர்கள் பாராட்டினார்கள்? ஒரு பெண் நோயில் தாழ்ந்துகொண்டிருந்தபோது, சென்னையில் நாலு பேர் அந்தக் கோட்டைச் சுற்றி நின்று எவ்வளவு அழகான அமைதி என்று சொன்னார்கள். அதன் பேரில் இரண்டு காவலரையும் எடுத்துவிட்டார்கள். வாசலில் உண்மையாகக் களைத்து நின்றவரைக் குறையுள்ளவர் என்று முடிவுகட்டியதும் அவள்தான்.

உள்ளே நர்ஸ், உலகம்மாளின் கையிலிருந்து காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பீரிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு விட்டாள்.

"இது ஏட்டையாவுது. முட்டி வலிக்காரரு, இடிபடாமப் பாத்துக்கோன்னு சொல்லுவேன். இது மேகலாம்மாவுது. வீட்டுல கைப்பிள்ள, சீக்கிரமா அனுப்பி வையின்னு சொல்லுவேன்."

"யாருகிட்ட எக்கா சொல்லுவ?"

"அம்மங்கிட்டதான். சும்மா உக்காந்திருக்கவ தானே. உள்ள சத்தம் பெருசாக் கேட்டா பயமா இருக்கும். அப்ப ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுச் சொல்லுவேன். சொல்லச் சொல்ல மனசு நெறஞ்சு போவும்."

காப்புகள் எல்லாம் கழன்ற பிறகும் மணிக்கட்டில் ஒன்று மிச்சமிருந்தது. பூக்கட்டில் போட்டு வருகிற சிவப்பு ரப்பர் வளையம், சாயம் வெளுத்தது. நர்ஸ் அதையும் எடுக்கப் போக, உலகம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது என்னத்துக்குக்கா? கழட்டக் குடு," என்றார் பீர்.

"இது ஒனக்குள்ளது தம்பி. உன் காப்பு எங்கிட்ட வராதுல்லா. அதுக்காவ ஒன்ன விட்டுருவனா?"

பீர் அந்தச் சிவப்பு வளையத்தைத் தானே பதமாகக் கழற்றி, தன் மணிக்கட்டில், மின்னிக்கொண்டிருந்த காப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நீ வெளிய வந்ததும் வாங்கிக்கோ," என்றார்.

மங்கையர்க்கரசி கதவருகிலேயே நின்றாள். இறைவன் எந்தக் காப்பைப் பார்த்து யாரை அளக்கிறான் என்று மனிதர்களுக்குத் தெரியாது. அதற்காக அளக்காமலும் இருக்க முடியாது. ஆனால் அளப்பதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆணையத்தின் முன் அவள் எதையும் மறைக்கவில்லை. காப்பைக் கழற்றியவர்கள் எட்டுப் பேர் அல்ல, ஒன்பது பேர், ஒன்பதாவது ஆள் நான் என்றாள். தண்டனை என்றால் என்னிடமிருந்து ஆரம்பியுங்கள். கோவிலுக்குள் நிற்கப்போகிறவர்களுக்குத் தோல் வார் கொடுத்துவிட்டு, அவர்கள் அதை யாரிடம் கழற்றிக் கொடுப்பார்கள் என்று நாம் கேட்கவே இல்லை. தேவசகாயம்தான் முதலில் எழுந்தார். "தோல் வார் என் யோசனை," என்றார். "புண் ஆறணும்னு நினைச்சேன். பூசையை நினைக்கலை."

யாருக்கும் வேலை போகவில்லை. செண்பகராமன் கேட்டு வாங்கிக்கொண்டது போல ஒரு கண்டிப்பு மட்டும் அவர் பெயரில் ஏறியது. பயிற்சிப் பிரிவை மங்கையர்க்கரசியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அவள் கோடுகளைப் பார்க்கிற வேலையோடு சரி. செங்காடனூருக்கு அவள் கடைசியாகச் செய்தது, பீரின் மாற்றலை நிறுத்தியதுதான். காப்புக்கெல்லாம் பருத்தி வார் வந்தது. அதன் பிறகு வந்த முதல் திருவிழாவில் மாநிலத்தின் கோவில் ஊர்கள் அத்தனையும் சிவந்து போயின. செங்காடனூரில் பழையபடி பதினான்கு பேர் ஆனார்கள். ஜீப்புக்குச் சக்கரமும் வந்தது.

ஆனித் திருவிழா மாலையில் மங்கையர்க்கரசி அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து செங்காடனூரைத் திறந்தாள். பதினான்கு கோடுகள். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், ஒவ்வொன்றும் தன் தன் நடையில் ஓடின. ஒன்று படபடத்தது, ஒன்று நொண்டியது. உயிருள்ளவர்களின் கோடுகள். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

கூட்டம் ஏறுகிற வேளை வந்தது. கோடுகளும் மேலே ஏறின. பிறகு, ஒன்று சற்றே தாழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றாக, வேறு வேறு நேரத்தில், ஆனால் ஒன்றுகூட விடாமல் பதினான்கும் ஒரு படி இறங்கி நிதானமாயின. பீரின் கோடு எங்கே என்று தேடினாள். மேலே தனியாக இல்லை. மற்றவற்றின் நடுவில்தான் இருந்தது.

பின்னால் வந்து நின்ற தேவசகாயம் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "மறுபடியும் கோளாறா மங்கை?"

"விசாரிக்கறேன் சார்." இந்த முறை முதலில் விசாரித்தாள். பீருக்குப் போன் போட்டாள்.

மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது. "எக்கா வந்துட்டா மேடம். இன்னைக்குத்தான் டாக்டர் வேலைக்கு விட்டாரு. வந்ததும் வராததுமா எங்கள விடல. பூட்ஸ் கழட்ட வாரவனை ஒவ்வொருத்தனா நிறுத்தி, சாப்ட்டியா, தண்ணி குடிச்சியான்னு கேட்டுட்டுத்தான் உள்ள அனுப்புதா. புதுசா வந்த பயலுவளையும் விடல. என்னையும் வாசல்ல இருந்து கூப்பிட்டு ஒரு வடையத் திங்க வச்சிட்டா."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா. காப்பு இல்லாம கை வெறிச்சுன்னு இருக்காம். முழங்கை வரைக்கும் ரப்பர் வளையமாப் போட்டு வச்சிருக்கா மேடம். எண்ணிப் பாத்தேன். எங்க பதினாலு பேருக்கு மேல ஒண்ணு கூட இருந்துச்சு. எண்ணத் தெரியாம போட்டுட்டியாக்கான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மெட்ராஸ்ல ஒருத்தி திரையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போயிருப்பா, அவளுக்கும் ஒண்ணு கிடக்கட்டும்னா."

மங்கையர்க்கரசி போனை வைத்தாள். தேவசகாயம் பதிலுக்காகக் காத்து நின்றார்.

"கோளாறு இல்லை சார்," என்றாள். "உலகம்மாள் திரும்பி வந்துட்டாங்க." தன் மணிக்கட்டில் பருத்தி வார் கட்டிய காப்பு பச்சையாக மாறியதை அவள் கவனிக்கவில்லை.